பேக்எண்ட் சரியாகிவிட்டது, ப்ராக்ஸி மட்டும் இன்னும் பழைய எரரையே காட்டுகிறதா?

பேக்எண்டில் (பக்கத்தை உருவாக்கித் தரும் சர்வரில்) இருந்த கோளாறைச் சரி செய்தாயிற்று, சர்வருக்குள் நுழைந்து பார்த்தால் பக்கம் ஒழுங்காக வருகிறது, ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மட்டும் அதே 404 (பக்கம் இல்லை), இல்லாவிட்டால் அதே 502 (பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை). இந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: நடுவில் நின்று பதில்களை வாங்கிக் கொடுக்கும் ப்ராக்ஸியின் கேஷ் டைரக்டரியை (பதில்களின் பிரதிகளை அது சேமித்து வைக்கும் இடத்தை) மொத்தமாக அழித்துவிட்டு ப்ராக்ஸியை ரீஸ்டார்ட் செய்வது. முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள். அழித்த உடனே எரர் போய்விடும், கூடவே அது ஏன் வந்தது என்பதற்கான தடயமும் போய்விடும். நல்ல பக்கங்களும் சேர்ந்து காணாமல் போவதால், இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிற பேக்எண்ட் மேல் மொத்த டிராஃபிக்கும் ஒரே நேரத்தில் விழும். அடுத்த வாரம் அதே எரர் திரும்ப வரும்.

ஒரு எரர் பக்கம் கேஷில் தானாகப் போய் உட்காராது. "இதை எடுத்து வைத்துக்கொள், இத்தனை நேரம் வைத்துக்கொள்" என்று எங்கோ ஒரு கான்ஃபிகோ, ஒரு ஹெடரோ (பக்கத்தோடு சேர்ந்து வரும் குறிப்பு வரி), ஒரு டீஃபால்ட்டோ அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அந்த அனுமதி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. கேஷை அழிப்பது கடைசியில்தான்.

(செட்டிங் பெயர்களை உச்சரிக்கிறபடியே எழுதியிருக்கிறேன். ப்ராக்ஸி சாஃப்ட்வேர்களான என்ஜின்எக்ஸ், ஸ்க்விட் இரண்டின் கான்ஃபிக்கிலும் அந்த வார்த்தைகளுக்கு நடுவே அடிக்கோடு வரும்.)

எரரைச் சொல்வது யார்?

முதலில் பக்கத்தின் முகத்தைப் பாருங்கள். வெள்ளைப் பக்கம், நடுவில் பெரிய எழுத்தில் எரர், கீழே ஒரு கோடு, அதற்கும் கீழே என்ஜின்எக்ஸ் என்று பெயர் இருந்தால் அது என்ஜின்எக்ஸ் தானே எழுதியது. "குரு மெடிடேஷன்" என்று இருந்தால் வார்னிஷ் என்ற இன்னொரு ப்ராக்ஸி. ஸ்க்விட் எழுதும் எரர் பக்கத்தின் அடியில் "ஜெனரேட்டட்" என்று தொடங்கி தேதி, நேரம், எந்த மெஷின் என்று எல்லாமே இருக்கும், யாரும் அதைப் படிப்பதில்லை. அந்த நேரம் ஜிஎம்டி. நம் நேரத்தோடு ஒப்பிட ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். ரெஃப்ரெஷ் செய்யச் செய்ய அந்த நேரமும் மாறிக்கொண்டே வந்தால் அது பழைய பக்கமே இல்லை, ஸ்க்விட் இப்போதும் முயன்று இப்போதும் தோற்கிறது. இந்த ஒரு வரியைப் படிக்காமல் கேஷைத் தேடி அலைபவர்கள் நிறையப் பேர்.

உங்கள் ஆப்பின் சொந்த எரர் பக்கம் வந்தால் ஹெடர்களைத்தான் பார்க்க வேண்டும். பிரவுசரை விட்டுவிட்டு கர்ல் (கமாண்ட் லைனிலிருந்து பக்கத்தைக் கேட்கும் கருவி) எடுங்கள். வெறும் ஹெடரை மட்டும் கேட்கும் பெரிய ஐ ஆப்ஷன் வேண்டாம். அது கெட் ரிக்வெஸ்டுக்குப் பதிலாக ஹெட் அனுப்பும், சில ஆப்கள் இரண்டுக்கும் வேறு வேறு பதில் சொல்லும். கெட் அனுப்பி, பாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹெடரை மட்டும் பிரிண்ட் செய்யச் சொல்லுங்கள். கம்ப்ரெஸ்டு ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரவுசர் எப்போதும் ஜிஜிப் (சுருக்கிய வடிவம்) கேட்கும், வெறும் கர்ல் கேட்காது. வேரி ஹெடர் (கேட்கிற விதத்தைப் பொறுத்துப் பதில் மாறும் என்று சொல்வது) இருக்கும் இடத்தில் ப்ராக்ஸி இரண்டையும் தனித்தனிப் பிரதியாக வைத்திருக்கும். "எனக்கு கர்லில் சரியாக வருகிறது, அவர்களுக்குத்தான் வரவில்லை" என்ற குழப்பத்துக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

வரும் பதில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

ஸ்டேட்டஸ்: 404
ஏஜ்: 1140
கேஷ்-கன்ட்ரோல்: பப்ளிக், மேக்ஸ்-ஏஜ்=86400
எக்ஸ்-கேஷ்: ஹிட்

மொத்தக் கதையும் இதிலேயே இருக்கிறது. 1140 விநாடி, அதாவது 19 நிமிடத்துக்கு முன்னால் பேக்எண்ட் இந்த 404-ஐச் சொன்னது. ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே பேக்எண்டுதான் சொல்லியிருக்கிறது. விட்டுவிட்டால் இன்னும் 23 மணி 41 நிமிடம் இது இங்கேயே இருக்கும். இதில் ப்ராக்ஸியின் தப்பு எதுவும் இல்லை, சொன்னதைச் செய்கிறது.

என்ஜின்எக்ஸ் முன்னால் நின்றால் இவ்வளவு சுலபமாகத் தெரியாது. ஏஜ் ஹெடர் இல்லாமலேயே கேஷிலிருந்து கொடுப்பது அதன் நெடுநாள் பழக்கம். பேக்எண்ட் அனுப்பிய டேட் ஹெடரையும் அது கடத்துவதில்லை, தன் நேரத்தைப் போட்டு அனுப்பும், அதனால் பழைய பதில்கூடப் புதிதாகத் தெரியும். இதற்குத்தான் அப்ஸ்ட்ரீம் கேஷ் ஸ்டேட்டஸ் என்ற வேரியபிள் இருக்கிறது. ஆட் ஹெடர் போட்டு, எக்ஸ்-கேஷ்-ஸ்டேட்டஸ் மாதிரி ஒரு பெயரில் அதை வெளியே அனுப்புங்கள். அந்த வரியின் கடைசியில் ஆல்வேஸ் என்ற வார்த்தை கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் 200, 301, 304 போன்ற பதில்களில் மட்டும்தான் ஹெடர் சேரும், 404-லும் 502-லும் சேராது, அதாவது நமக்கு எங்கே தேவையோ அங்கே மட்டும் இருக்காது. லாக் ஃபார்மேட்டிலும் அதே வேரியபிளையும் அப்ஸ்ட்ரீம் ஸ்டேட்டஸ், அப்ஸ்ட்ரீம் அட்ரஸ் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். ஹிட் என்றால் கேஷிலிருந்து வந்தது, பேக்எண்டைத் தொடவே இல்லை. மிஸ் என்று வந்தும் எரர் என்றால் பேக்எண்ட் இப்போதுதான் அந்த எரரைச் சொன்னது, அல்லது ப்ராக்ஸியால் பேக்எண்டை எட்டவே முடியவில்லை.

அப்புறம் இரண்டு சின்னச் சோதனைகள். யூஆர்எல்லின் பின்னால் அர்த்தமில்லாத ஒரு க்வெரி ஸ்ட்ரிங்கைச் (கேள்விக்குறியோடு தொடங்கும் பகுதி) சேர்த்துக் கேளுங்கள். அது சரியாக வந்து, சேர்க்காதது எரராக வந்தால் நடுவில் ஒரு கேஷ் இருப்பது உறுதி. (பிரதியை அடையாளம் காட்டும் கேஷ் கீயில் க்வெரி ஸ்ட்ரிங்கைச் சேர்க்காமல் கான்ஃபிக் செய்திருந்தால் இந்தச் சோதனை பலிக்காது.) அடுத்தது, கர்லின் ரிசால்வ் ஆப்ஷனில் டொமைனை நேரே பேக்எண்டின் ஐபியோடு கட்டிவிட்டு, ப்ராக்ஸிகளைத் தாண்டிக் கேளுங்கள். ஷெல்லில் எச்டிடிபி ப்ராக்ஸி என்ற என்விரான்மென்ட் வேரியபிள் இருந்தால் நோப்ராக்ஸி ஆப்ஷனும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நேரே போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அதே ப்ராக்ஸி வழியாகத்தான் போவீர்கள்.

404 வேறு, 502 வேறு

இது தெரிந்தால் பாதித் தேடல் மிச்சம். எச்டிடிபி கேஷிங் விதிகளின் இன்றைய வடிவம், 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9111. அதோடு சேர்ந்து வந்த 9110-இன்படி 404, 405, 410, 414, 501 ஆகியவற்றை, யாரும் எந்த ஹெடரும் அனுப்பாவிட்டாலும், ஒரு கேஷ் தன் கணக்குப்படி எடுத்து வைத்துக்கொள்ளலாம். 500, 502, 503, 504 அந்தப் பட்டியலில் கிடையாது. ஆகவே பழைய 404 தங்கியிருந்தால் அது டீஃபால்ட்டாகவே நடந்திருக்கலாம். பழைய 502 தங்கியிருந்தால் யாரோ கையால் எழுதி வைத்த வரி ஒன்று இருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேடுங்கள்.

என்ஜின்எக்ஸில் அந்த வரி பெரும்பாலும் ப்ராக்ஸி கேஷ் வேலிட். இதில் நேரத்தை மட்டும் எழுதினால் 200, 301, 302 மூன்றுக்கு மட்டும்தான் செல்லும், அது பாதுகாப்பானது. எனி என்று எழுதி ஒரு மணி நேரம் போட்டிருந்தால் 500-ல் இருந்து 504 வரை எல்லாமே ஒரு மணி நேரம் உட்காரும். எங்கிருந்தோ காப்பி செய்த கான்ஃபிக்குகளில் இந்த எனி அடிக்கடி இருக்கும். எடுத்துவிடுங்கள். 200, 301, 302-க்கு 10 நிமிடம், 404-க்கு அதிகம் போனால் 1 நிமிடம், 5-ல் தொடங்கும் எதையும் எழுதவே வேண்டாம். என் கருத்தில் 404-க்கு 10 விநாடியே போதும். இல்லாத பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிற பாட் கூட்டத்திடமிருந்து பேக்எண்டைக் காப்பாற்ற அதுவே தாராளம்.

ஆனால் இந்த வரியை மாற்றியும் சரியாகவில்லை என்றால் ஆச்சரியப்படாதீர்கள். பேக்எண்டிலிருந்து வரும் எக்ஸ்-ஆக்ஸல்-எக்ஸ்பயர்ஸ், கேஷ்-கன்ட்ரோல், எக்ஸ்பயர்ஸ் ஆகிய ஹெடர்களுக்குத்தான் முதல் மரியாதை. அவை எதுவும் இல்லாதபோதுதான் வேலிட் வரி பேசும். ஆப்பில் யாரோ ஒரு மிடில்வேரில் "எல்லாப் பதிலுக்கும் ஒரு நாள்" என்று போட்டிருந்தால் எரருக்கும் ஒரு நாள்தான்.

இதிலேயே மிக மோசமானது டிப்ளாய் நேரத்தில் நடப்பது. பில்டு செய்யும்போது ஜாவாஸ்க்ரிப்ட் ஃபைல் பெயரில் ஒரு ஹாஷ் சேரும், அந்த ஃபோல்டருக்கு ஒரு வருட மேக்ஸ்-ஏஜும் இம்யூட்டபிளும் (மாறவே மாறாது என்ற குறிப்பு) கொடுத்திருப்போம், அது சரியான வழக்கம்தான். இப்போது இரண்டு சர்வர்கள் இருக்கின்றன, முதல் சர்வருக்குப் புதிய வெர்ஷன் போய்விட்டது, இரண்டாவதுக்கு இன்னும் போகவில்லை. ஒருவர் முதல் சர்வரிலிருந்து புதிய எச்டிஎம்எல்லை வாங்குகிறார், அதில் புதிய ஃபைலின் பெயர் இருக்கிறது, பிரவுசர் அதைக் கேட்கிறது, லோட் பேலன்சர் அந்த ரிக்வெஸ்டை இரண்டாவது சர்வருக்குத் தள்ளுகிறது, அங்கே அந்த ஃபைல் இல்லை, 404. அந்த ஃபோல்டருக்கான ஒரு வருட ஹெடர் 404-க்கும் ஒட்டிக்கொண்டால், சில விநாடி மட்டுமே இருந்த ஒரு நிலையை ப்ராக்ஸி ஒரு வருடத்துக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குள் இரண்டாவது சர்வருக்கும் ஃபைல் வந்துவிட்டிருக்கும், எங்கே தேடினாலும் ஃபைல் இருக்கும், சைட் மட்டும் வெள்ளையாக நிற்கும். இதற்கு மருந்து இரண்டு. ஸ்டாட்டிக் ஃபைல்களை முதலில் எல்லா சர்வருக்கும் அனுப்பிவிட்டு எச்டிஎம்எல்லைக் கடைசியில் மாற்றுங்கள், பழைய ஃபைல்களையும் உடனே அழிக்காமல் கொஞ்ச நாள் வைத்திருங்கள். நீண்ட கால ஹெடரை 200-க்கு மட்டும் கொடுங்கள், எரர் ஹேண்ட்லரில் நோ-ஸ்டோர் (எடுத்து வைக்காதே) அனுப்புங்கள். அந்த நீண்ட கால ஹெடரை என்ஜின்எக்ஸின் ஆட் ஹெடர் மூலம் சேர்க்கிறீர்கள் என்றால் இங்கே ஆல்வேஸ் இருக்கவே கூடாது. மேலே அவசியம் என்று சொன்ன அதே வார்த்தை இங்கே ஆபத்து.

பேக்எண்ட் டீம் கைக்கு எட்டவில்லை என்று ப்ராக்ஸி இக்னோர் ஹெடர்ஸ் போட்டு கேஷ்-கன்ட்ரோலை மொத்தமாகப் புறக்கணிப்பவர்கள் உண்டு. பார்த்துச் செய்யுங்கள். அது பிரைவேட், நோ-ஸ்டோர் இரண்டையும் சேர்த்தே புறக்கணிக்கும். லாகின் செய்த ஒருவரின் பக்கம் இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தால், அது எரர் பக்கத்தைவிடப் பல மடங்கு பெரிய விபத்து.

200 என்று பொய் சொல்லும் எரர்

பக்கத்தில் "பராமரிப்பு நடக்கிறது, பிறகு வாருங்கள்" என்று இருக்கும், ஸ்டேட்டஸ் கோடு 200 என்று இருக்கும். எல்லாக் கேஷ்களும் அதை நல்ல பக்கம் என்று நம்பி, நல்ல பக்கத்துக்குரிய முழு நேரமும் வைத்திருக்கும். ஸ்டேட்டஸ் கோடை மட்டும் பிரிண்ட் செய்யச் சொல்லி கர்லில் பாருங்கள். என்ஜின்எக்ஸின் எரர் பேஜ் வரியில் 502-க்குப் பின்னால் சமக்குறியும் 200-ம் இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். பராமரிப்புப் பக்கத்துக்கு 503, கூடவே ரீட்ரை-ஆஃப்டர், கூடவே நோ-ஸ்டோர். டேட்டாபேஸ் எரரைப் பிடித்து 200-ல் அழகான பக்கமாகக் காட்டும் ஆப்களுக்கும் இதேதான்.

ஸ்டேல், அப்டேட்டிங் என்று வந்தால்

ப்ராக்ஸி கேஷ் யூஸ் ஸ்டேல் ஆன் செய்திருந்தால் எக்ஸ்-கேஷ்-ஸ்டேட்டஸில் ஸ்டேல் என்று வரலாம். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஸ்டேல் என்றால் காலாவதியான பிரதியைக் கொடுத்தேன், ஏனென்றால் பேக்எண்டைக் கேட்டுப் பார்த்தேன், அது இப்போது தோற்றது என்று பொருள். அந்தப் பிரதி ஒரு பழைய 404-ஆக இருந்தாலும் கவலையே படாமல் கொடுக்கும். கேஷை அழித்தால் 404 போய் 502-ஓ 504-ஓ வரும், அவ்வளவுதான். பேக்எண்ட் லாகைப் பாருங்கள், டைம்அவுட் ஆகிக்கொண்டிருக்கும்.

அப்டேட்டிங் வேறு விஷயம். பேக்கிரவுண்டில் புதுப்பிக்கச் சொல்லியிருந்தால் முதலில் வருபவருக்குப் பழைய பிரதி போகும், புதியது பின்னால் வரும், அடுத்தவருக்குத்தான் அது கிடைக்கும். "ஒரு தடவை ரெஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடுகிறது, காலையில் திரும்ப அதே எரர்" என்ற புகார், யாரும் அதிகம் போகாத பக்கங்களில் இதனால் வரும். வார்னிஷில் இதற்குப் பெயர் கிரேஸ். டீஃபால்ட் 10 விநாடிதான், பிரதியின் ஆயுளும் டீஃபால்ட்டாக 120 விநாடிதான். ஆனால் கிரேஸை மணிக்கணக்கில் ஏற்றி வைப்பது பரவலான பழக்கம். ஏற்றுங்கள், தப்பில்லை, 200-க்கு மட்டும்.

ஆபீஸ் ஸ்க்விட்

வெளியே போகும் வழியில் ஸ்க்விட் நின்றால் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: சைட் எச்டிடிபிஎஸ்ஸா? ஆம் என்றால், எஸ்எஸ்எல் பம்ப் (குறியாக்கத்தை நடுவில் பிரித்துப் பார்ப்பது) செய்யாத ஸ்க்விட் கனெக்ட் மூலம் ஒரு சுரங்கத்தைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. உள்ளே போகும் பக்கத்தை அதனால் பார்க்கவும் முடியாது, எடுத்து வைக்கவும் முடியாது. பழைய 404-க்கு அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, பிரவுசரையும் எதிர்முனையையும் பாருங்கள்.

வெறும் எச்டிடிபி என்றால், அல்லது பம்ப் செய்கிறது என்றால், ஆக்ஸஸ் லாகில் டிசிபி நெகட்டிவ் ஹிட் என்று தேடுங்கள். வந்தால், சேமித்து வைத்த எரரைத்தான் கொடுத்திருக்கிறது. இதை ஆள்வது நெகட்டிவ் டிடிஎல் (எரரை எத்தனை நேரம் வைத்திருப்பது என்ற செட்டிங்). ஸ்க்விட்டின் பழைய 2 வரிசையில் இதன் டீஃபால்ட் 5 நிமிடம், பின்னால் 0 ஆக்கிவிட்டார்கள். மெஷின் மாறினாலும் வெர்ஷன் மாறினாலும் கான்ஃபிக் ஃபைல் மட்டும் வருடக்கணக்கில் கூடவே வரும் இடங்களில் பழைய மதிப்பு இன்னும் உயிரோடு இருக்கும். வரியையே எடுத்துவிடுங்கள். பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற எரர் என்றால் நெகட்டிவ் டிஎன்எஸ் டிடிஎல் பக்கம் பாருங்கள், அதன் டீஃபால்ட் 1 நிமிடம். அதையும் தாண்டி நீடித்தால் ஸ்க்விட்டுக்குப் பின்னால் இருக்கும் டிஎன்எஸ் ரிசால்வர் (பெயருக்கு ஐபி கண்டுபிடித்துத் தருவது) "அப்படி ஒரு பெயரே இல்லை" என்பதை நினைவில் வைத்திருக்கிறது.

ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீலோட் செய்தால் சரியாகிறது என்பதும் ஒரு தடயம். அப்போது பிரவுசர் நோ-கேஷ் அனுப்புகிறது. ஸ்க்விட் சாதாரணமாக அதை மதிக்கும், என்ஜின்எக்ஸும் வார்னிஷும் நீங்கள் சொல்லித் தராதவரை மதிக்காது.

கேஷே இல்லை, ஐபிதான் பழசு

கேஷில் எதுவும் இல்லை, ஸ்டேட்டஸ் எப்போதும் மிஸ், ஆனாலும் 502 போகவில்லை. இப்போது எரர் லாகைத் திறங்கள். "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு, வைல் கனெக்டிங் டு அப்ஸ்ட்ரீம்" என்ற வரியின் கடைசிப் பக்கம் ஒரு ஐபி இருக்கும். டிஎன்எஸ்ஸைக் கேட்கும் டிக் கமாண்டை ஓட்டி பேக்எண்டின் இன்றைய ஐபியைப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். ப்ராக்ஸி பாஸ் வரியில் எழுதிய பெயரை என்ஜின்எக்ஸ் ஸ்டார்ட் ஆகும்போதும் ரீலோட் ஆகும்போதும் மட்டும்தான் டிஎன்எஸ்ஸில் கேட்கிறது. கன்டெய்னர் திரும்ப எழுந்து வேறு ஐபி வாங்கினால் அதற்குத் தெரியாது. உடனடித் தீர்வு ரீலோட். நிரந்தரத் தீர்வு, ரிசால்வர் வரி ஒன்று எழுதி (டாக்கரின் சொந்த நெட்வொர்க்குக்குள் என்றால் 127.0.0.11), பெயரை ஒரு வேரியபிளில் போட்டு அந்த வேரியபிளை ப்ராக்ஸி பாஸில் கொடுப்பது. வேரியபிள் வந்தால் பாத் கையாளும் விதம் மாறும், அதனால் ப்ராக்ஸி பாஸில் பெயருக்குப் பின்னால் பாத் எழுதியிருந்தால் சோதித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். 1.27.3-லிருந்து இலவசப் பதிப்பிலும் அப்ஸ்ட்ரீம் பிளாக்கில் ஷேர்டு ஸோன் வைத்து, சர்வர் வரியில் ரிசால்வ் என்று எழுதலாம், அது இன்னும் சுத்தம்.

லாகில் "நோ லைவ் அப்ஸ்ட்ரீம்ஸ்" என்று இருந்தால் ஃபெயில் டைம்அவுட்டைப் பாருங்கள். டீஃபால்ட் 10 விநாடி. யாராவது அதைப் பத்து நிமிடமாக்கியிருந்தால், ஒரு முறை தடுக்கி விழுந்த சர்வரைப் பத்து நிமிடம் எட்டிக்கூடப் பார்க்காது.

இப்போது அழிக்கலாம்

காரணத்தைச் சரி செய்த பிறகுதான், அதுவும் உள்ளேயிருந்து வெளியே என்ற வரிசையில். ஆப்புக்குப் பக்கத்தில் இருக்கும் கேஷ் முதலில், பிறகு அதற்கு முன்னால் இருப்பது, கடைசியில் சிடிஎன் (பல இடங்களில் பிரதி வைத்துக் கொடுக்கும் வெளிச் சேவை). வெளியே முதலில் அழித்தால் அது உடனே உள்ளேயிருக்கும் பழைய எரரையே வாங்கி மறுபடி நிரப்பிக்கொள்ளும். லோட் பேலன்சருக்குப் பின்னால் ப்ராக்ஸிகள் பல இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கேஷ், ஒன்றில் அழித்துவிட்டு நிற்கக் கூடாது.

என்ஜின்எக்ஸின் இலவசப் பதிப்பில் பர்ஜ் (குறிப்பிட்ட பிரதியை நீக்கும்) செட்டிங் கிடையாது, ஃபைலைத்தான் அழிக்க வேண்டும். ஃபைல் பெயர், கேஷ் கீயின் எம்டி5 ஹாஷ். டீஃபால்ட் கீ என்பது ஏறத்தாழ ஸ்கீம், ப்ராக்ஸி ஹோஸ்ட், ரிக்வெஸ்ட் யூஆர்ஐ மூன்றையும் இடைவெளி இல்லாமல் சேர்த்தது, அதன் சரியான வடிவத்தை ஒரு கேஷ் ஃபைலைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். எக்கோ வைத்துக் கணக்கிட்டால் கடைசியில் ஒரு நியூலைன் சேர்ந்து ஹாஷே மாறிவிடும், பிரிண்ட்எஃப் பயன்படுத்துங்கள். லெவல்ஸ் 1:2 என்றால் ஹாஷின் கடைசி எழுத்து முதல் ஃபோல்டர், அதற்கு முந்தைய இரண்டும் அடுத்த ஃபோல்டர். இதைவிட எனக்குப் பிடித்த வழி கிரெப் (ஃபைல்களுக்குள் தேடும் கமாண்ட்). ஒவ்வொரு கேஷ் ஃபைலின் தொடக்கத்திலும் கீ என்று ஒரு வரி இருக்கும், அதை வைத்துத் தேடினால் வேரி காரணமாகப் பிரிந்து கிடக்கும் பிரதிகளும் சேர்ந்து மாட்டும். ஸ்க்விட்டில் பர்ஜ் மெத்தடை லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் திறந்துவிட்டு அந்த யூஆர்எல்லுக்கு அனுப்புங்கள். வார்னிஷ் மெமரியில் வைத்திருந்தால் ரீஸ்டார்ட்டில் எல்லாம் போகும், மற்ற இரண்டிலும் டிஸ்கில் உள்ளது ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் இருக்கும்.

சிடிஎன்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. ஹெடர் எதுவும் அனுப்பாதபோது கிளவுட்ஃப்ளேர் தான் கேஷ் செய்யும் வகை ஃபைல்களின் 404-ஐ 3 நிமிடம் வைத்திருக்கும், கிளவுட்ஃப்ரன்ட் எரர்களை 10 விநாடி வைத்திருக்கும். அதற்கு மேல் நீடித்தால் உங்கள் ஹெடரோ உங்கள் ரூலோதான் காரணம்.

பிரவுசருக்குள் போய்விட்ட பிரதியை நீங்கள் அழிக்க முடியாது. ஒரு வருட 404 வாங்கிக்கொண்டவர்களுக்கு ஃபைல் பெயரை மாற்றி, புதிய எச்டிஎம்எல்லில் புதிய பெயரைக் கொடுப்பதுதான் வழி.

கடைசியாக, சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள அடுத்த கோளாறு வரை காத்திருக்க வேண்டாம். இல்லவே இல்லாத ஒரு யூஆர்எல்லை மூன்று தடவை கேளுங்கள்: முதலில் மிஸ், அடுத்தது ஹிட், நீங்கள் கொடுத்த நேரம் கடந்தபின் எக்ஸ்பயர்டு என்று வர வேண்டும். பிறகு ஸ்டேஜிங்கில் (சோதனைக்கான அமைப்பில்) பேக்எண்டை நிறுத்துங்கள், கேஷில் இல்லாத ஒரு பக்கத்தைக் கேட்டு 502 வாங்குங்கள், பேக்எண்டை எழுப்புங்கள், கர்லை ஒரு லூப்பில் விட்டு 200 வருவதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். பேக்எண்ட் எழ எடுக்கும் நேரத்தோடு ஃபெயில் டைம்அவுட்டையும் சேர்த்தால் வருவதைவிட அது அதிகமாக இருந்தால், நடுவில் இன்னும் ஒரு கேஷ் உட்கார்ந்திருக்கிறது.